கிரிப்டோ வேலையை விட்டு கண்டென்ட் ஏஜென்சி தொடங்குவது எப்படி: ராஜினாமாவுக்கு முன்பிருந்து முதல் வருடம் வரை

பெங்களூரில் ஒரு கிரிப்டோ ஸ்டார்ட்அப்பில் மூன்று வருடம் எழுத்து வேலை பார்த்தேன். பிளாக்செயின் என்றால் என்ன, வாலட் எப்படி வேலை செய்கிறது, ஸ்டேக்கிங்கில் (கிரிப்டோவைப் பூட்டி வைத்து வருமானம் பெறும் முறை) வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கி எழுதுவதுதான் என் வேலை. 2022 நடுவில், மதுரைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டுத்தான் பணம் போட்டேன். இப்போ எடுக்க முடியலைன்னு வருது. எப்போ எடுக்கலாம்?"

அந்தக் கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆபத்தைப் பற்றிய பத்தி கடைசியில், நான்கு வரியில் இருந்தது. முதலில் அதை மேலே வைத்திருந்தேன். கம்பெனியில் கீழே தள்ளச் சொன்னபோது மறுக்காமல் தள்ளினேன். அந்த மாதம் வீட்டு லோன், அப்பாவின் மருத்துவச் செலவு இரண்டும் சம்பளத்தை நம்பி இருந்தன. மறுக்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

இப்போது கோயம்புத்தூரில், கம்பெனிகளுக்குக் கட்டுரை எழுதித் தரும் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன ஏஜென்சி நடத்துகிறேன். இந்த வழிகாட்டியில் இருக்கும் எல்லாமே அந்த மின்னஞ்சலில் இருந்து வந்தவைதான். எழுதுகிறவர் கையில் ஆறேழு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால்தான் "இதை எழுத மாட்டேன்" என்று சொல்ல முடியும். ஏஜென்சி தொடங்குவதற்கான ஒவ்வொரு படியையும் அந்த இடத்தில் நின்றுதான் யோசிக்கிறேன்.

படி 1: ராஜினாமா கடிதத்துக்கு முன் பழைய கடிதங்களைப் படியுங்கள்

வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தை எடுத்து வைத்து, பொறுமையாகப் படியுங்கள். நான்கு விஷயங்களைத் தேட வேண்டும்: நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், வேலையில் இருக்கும்போது வேறு வேலை செய்யக் கூடாது என்ற விதி உண்டா, கம்பெனியின் கிளையண்டுகளையும் ஊழியர்களையும் அணுகக் கூடாது என்று இருக்கிறதா, நீங்கள் எழுதியவை யாருக்குச் சொந்தம்.

வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யவே கூடாது என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27 அப்படிப்பட்ட தடையைச் செல்லாததாக்குகிறது. ஆனால் கம்பெனி ரகசியங்களைக் காப்பது வேறு விஷயம். அந்தக் கடமை வேலையோடு முடிவதில்லை. பயனர் பட்டியல், பிரச்சார எண்கள், உள் ஆவணங்கள் ஆகியவற்றை உங்கள் லேப்டாப்பில் நகல் எடுத்து வைக்காதீர்கள். பழைய வேலைகளை மாதிரியாகக் காட்ட விரும்பினால், எந்தெந்தக் கட்டுரைகள் என்று பட்டியல் போட்டு மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். நான் கேட்ட பன்னிரண்டில் ஒன்பதுக்கு ஒரே நாளில் "சரி" என்று பதில் வந்தது.

வேலையில் இருக்கும்போதே தெரிந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். நியமனக் கடிதம் தடுத்தால் வேண்டாம். மாதிரிக் கட்டுரைகளை உங்களுக்காகவே எழுதி வையுங்கள். அதற்குப் பொதுவாகத் தடை இருக்காது.

அப்புறம், டோக்கனும் பங்குகளும். கிரிப்டோ ஸ்டார்ட்அப்களில் சம்பளத்தின் ஒரு பகுதியை டோக்கனாகவோ (கம்பெனி வெளியிடும் கிரிப்டோ நாணயம்) பங்கு உரிமையாகவோ தருவது வழக்கம். பொதுவாக முதல் ஒரு வருடத்துக்கு ஒன்றும் கைக்கு வராது, அதன் பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பெயருக்கு வரும். அடுத்த தவணை மூன்று வாரத்தில் வருகிறது என்றால் அதற்காகக் காத்திருப்பதில் தவறில்லை. இரண்டு வருடம் கழித்து வரும் தவணைக்காகக் காத்திருப்பது வேறு கதை. பங்கு உரிமை இருந்தால், விலகிய பிறகு எத்தனை நாளுக்குள் அதைப் பணம் கட்டி வாங்க வேண்டும் என்று பாருங்கள். பல கம்பெனிகளில் 90 நாள்தான். வாங்கும்போதே, விற்காத பங்குக்கும் வருமான வரி வரும். கையில் காசு வராமல் வரி மட்டும் வரும் இடம் அது, ஆடிட்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

படி 2: கையிருப்பைக் கணக்கிடுங்கள், டோக்கனைச் சேர்க்காமல்

ஒரு நோட்டை எடுத்து வீட்டின் மாதச் செலவை எழுதுங்கள். வாடகை, மளிகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு, பெற்றோருக்கு அனுப்புவது, பெட்ரோல், போன் எல்லாம் அதில் வர வேண்டும். தீபாவளியையும் சொந்தக்காரர் கல்யாணங்களையும் விட்டுவிடாதீர்கள். என் கணக்கில் அது 58,000 ரூபாய் வந்தது. அதோடு மாதம் 7,000 தொழில் செலவு. ஆக 65,000. பன்னிரண்டு மாதத்துக்கு 7,80,000 ரூபாய்.

ஏன் பன்னிரண்டு மாதம்? பணம் வரும் வேகத்தை வைத்துச் சொல்கிறேன். ஜூன் முதல் தேதி ஒரு கிளையண்ட் கிடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க வேலை செய்து ஜூன் 30 அன்று பில் அனுப்புகிறீர்கள். அவர்கள் 45 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில்தான் முதல் பணம் கண்ணில் படும். அதிலும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் வரும். அந்தக் கிளையண்ட் கிடைக்கவே மூன்று மாதம் ஆகியிருக்கும். ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்தாலே ஐந்தாறு மாதம் வரவு இல்லை.

டோக்கனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஒரே வருடத்தில் 16,000 டாலருக்கும் கீழே போனது. பிட்காயினே அப்படி என்றால் உங்கள் கம்பெனி டோக்கனின் நிலையை நினைத்துப் பாருங்கள். வரியும் கடுமையானது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் வேறு. டோக்கன் இருந்தால், அதை விற்று வரி கட்டி வங்கியில் போட்ட பிறகு கையிருப்பு என்று எழுதுங்கள்.

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. வீட்டு லோனை வேறு வங்கிக்கு மாற்றுவது, கிரெடிட் கார்டு வாங்குவது எல்லாம் இப்போதே நடக்கட்டும். தொழில் தொடங்கிய முதல் இரண்டு வருடம் வங்கி உங்களைத் திரும்பிப் பார்க்காது. மருத்துவக் காப்பீடு இன்னும் முக்கியம். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடியும். தனிக் காப்பீடு எடுத்தால் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை ஆகலாம். அதனால் ராஜினாமாவுக்கு இரண்டு மாதம் முன்பே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். பிஎஃப் பணத்தில் கை வைக்காதீர்கள். தொடர்ச்சியாக ஐந்து வருடம் சேவை முடியாமல் எடுத்தால் அதற்கும் வரி உண்டு.

வீட்டில் உள்ளவர்களோடு இந்த நோட்டைத் திறந்து வைத்துப் பேசுங்கள். என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "எந்தத் தேதி வரைக்கும் முயற்சி பண்ணப் போறீங்க?" அதற்கு நான் ஒரு தேதி சொன்னேன், காலண்டரில் குறித்தோம். பிறகு அந்த வருடம் முழுக்க வீட்டில் பணத்தைப் பற்றிச் சண்டை வரவில்லை.

படி 3: எதை விற்கப் போகிறீர்கள்

கிரிப்டோவில் இருந்து வருகிறவர்கள் முதலில் செய்ய நினைப்பது கிரிப்டோ கண்டென்ட் ஏஜென்சிதான். மொழி தெரியும், ஆட்களைத் தெரியும், வேலை உடனே கிடைக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அதில் மட்டுமே நின்றால், வேலையில் இருந்தபோது பயந்த அதே ஏற்ற இறக்கத்தை இப்போது சொந்தக் காசில் சந்திப்பீர்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ வர்த்தகத் தளம் விழுந்த பிறகு இந்தத் துறையில் முதலில் வெட்டப்பட்டவற்றில் மார்க்கெட்டிங் செலவும் ஒன்று. சந்தை விழும்போது எல்லாக் கிளையண்டும் ஒரே வாரத்தில் "அடுத்த மாதம் நிறுத்தி வைக்கலாம்" என்பார்கள்.

எங்கள் ஏஜென்சியில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிரிப்டோவில் இருந்து வரக் கூடாது. மீதி வேறு இடத்திலிருந்து வர வேண்டும். எங்கிருந்து?

நீங்கள் கிரிப்டோவில் கற்றதை வேறு பெயரில் எழுதிப் பாருங்கள். 40 பக்க தொழில்நுட்ப ஆவணத்தைப் படித்து இரண்டு பக்கமாகச் சொல்லத் தெரியும். பணத்தைப் போடத் தயங்குகிற ஒருவரின் கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்று தெரியும். சட்டக் குழு ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்துக் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியும். டெலிகிராம் குழுவில் கோபமாக இருக்கும் ஆயிரம் பேரிடம் பேசத் தெரியும். பணப் பரிமாற்றச் செயலிகள், கணக்கு மென்பொருள், சைபர் பாதுகாப்பு, காப்பீடு விற்கும் இணையத் தளங்கள் என்று இதற்காக ஆள் தேடும் துறைகள் நிறைய. தமிழ்நாட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இன்னொரு வசதி: ஸோஹோ, 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்றவை வளர்ந்த சென்னையில், அவற்றின் முன்னாள் ஊழியர்களும் அந்த வழியில் வந்தவர்களும் தொடங்கிய சின்ன மென்பொருள் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. அவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள், விற்பனைக்குக் கட்டுரைகளை நம்பியிருக்கிறார்கள்.

விற்கும் பொருளையும் குறுக்குங்கள். "கண்டென்ட் சேவை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பணம் சம்பந்தப்பட்ட மென்பொருள் கம்பெனிகளுக்கு, மாதம் நான்கு ஆழமான கட்டுரைகள், உங்கள் பொறியாளர்களைப் பேட்டி எடுத்து எழுதுவோம்" என்றால் எதிரில் இருப்பவருக்கு உடனே பிடிபடும். பேட்டி எடுத்து என்பது அதில் மிக முக்கியமான சொல். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு "பிட்காயின் என்றால் என்ன" வகைக் கட்டுரைக்கு யாரும் பணம் தரத் தேவையில்லாமல் போனது. கூகுளும் தேடல் பக்கத்திலேயே பதிலைத் தொகுத்துக் காட்டத் தொடங்கிவிட்டது. இயந்திரத்திடம் இல்லாதது, அந்தக் கம்பெனியின் பொறியாளர் போன செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்த ஒரு கோளாறும் அதைச் சரிசெய்த விதமும்தான். அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அதற்குத்தான் இனி விலை.

படி 4: விலை

வார்த்தைக்கு இத்தனை ரூபாய் என்று விற்காதீர்கள். தேவையில்லாததை வெட்டிச் சுருக்கி எழுதினால் உங்களுக்கே நஷ்டம் வரும் முறை அது.

நான் செய்த கணக்கு இது. ஆழமான ஒரு கட்டுரைக்குப் பேட்டி 1 மணி நேரம், படிப்பு 4, எழுத்து 6, திருத்தம் 3, மற்றவை 1, ஆக 15 மணி நேரம். மாதத்தில் வேலை செய்யும் நேரம் 170 மணி என்றாலும் விற்கக் கூடியது 100 மணிதான். மீதி நேரம் கிளையண்ட் தேடுவதிலும் பில் போடுவதிலும் கூட்டங்களிலும் போகும். மாதம் 1,50,000 ரூபாய் வரவு வேண்டும் என்றால் ஒரு மணிக்கு 1,500. ஒரு கட்டுரை 22,500 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டதும் பயம் வரும். எனக்கும் வந்தது. முதல் கிளையண்டிடம் 15,000 சொன்னேன், அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். அன்றைக்கே தெரிந்தது குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று. ஆறு மாதம் அந்த விலையிலேயே எழுத வேண்டி வந்தது.

தனித்தனிக் கட்டுரையைவிட மாத ஒப்பந்தம் நல்லது. மூன்று மாதத்துக்குக் குறையாமல், மாதத் தொடக்கத்தில் பணம். இரண்டு பேர் இப்படிக் கிடைத்துவிட்டால் வீட்டுச் செலவு கழிந்துவிடும். அதற்கு முன் ஒரே ஒரு சோதனைக் கட்டுரை எழுதித் தாருங்கள், ஆனால் அதற்கும் முழு விலை வாங்குங்கள். இலவசமாக எழுதச் சொல்கிறவர் பிறகும் பணம் தருவதில் இழுப்பார் என்பது என் அனுபவம்.

படி 5: முதல் மூன்று கிளையண்டுகள்

விளம்பரம், சமூக வலைத்தளப் பதிவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மூன்று பேர் உங்களை நேரில் தெரிந்தவர்களிடமிருந்து வருவார்கள். கிரிப்டோ துறையில் ஆட்குறைப்பு அடிக்கடி நடந்ததால், உங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது பத்துப் பதினைந்து கம்பெனிகளில் பரவியிருப்பார்கள். ஒருவர் வங்கிச் செயலியில் மேலாளர், இன்னொருவர் துபாயில். நாற்பது பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, அவரை நினைத்து, ஐந்து வரியில் ஒரு கடிதம். என்ன செய்கிறேன், யாருக்குச் செய்கிறேன், யாராவது தேடினால் என் பெயரைச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். என் நாற்பதில் பதினேழு பேர் பதில் போட்டார்கள், இருவர் கிளையண்டுகளை அனுப்பினார்கள். மூன்றாவது கிளையண்ட், முன்பு எனக்குக் கீழே பயிற்சி பெற்ற பெண். அவர் இப்போது ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் தலைவர்.

பழைய கம்பெனியையே முதல் கிளையண்டாக வைத்துக்கொள்ளலாமா? நல்லபடியாகப் பிரிந்திருந்தால் தாராளமாக. நோட்டீஸ் பீரியடிலேயே கேளுங்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் அதை நம்பி இருக்க வேண்டாம்.

படி 6: கடைசி வேலை நாள்

ரிலீவிங் லெட்டர், படிவம் 16, பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதி பதிவானதா என்பதெல்லாம் எந்த வேலைக்கும் பொது. கிரிப்டோ கம்பெனிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. பலர் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும் கம்பெனியின் பல கையெழுத்து வாலட்டில் உங்களுடைய சாவியும் ஒன்றாக இருக்கலாம். எக்ஸ், டெலிகிராம், டிஸ்கார்ட் கணக்குகளின் நிர்வாகியாக உங்கள் போன் எண் இருக்கலாம். இவற்றில் இருந்து உங்களை நீக்கிவிட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாவியைச் சேமிக்கும் கருவியான ஹார்டுவேர் வாலட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ரசீது. ஆறு மாதம் கழித்து அங்கே ஏதாவது திருட்டு நடந்தால், முதலில் கேள்வி வருவது சாவி வைத்திருந்த முன்னாள் ஊழியரிடம்தான். இந்த ஒரு மின்னஞ்சல் உங்களைக் காக்கும்.

படி 7: பதிவு, வரி, வங்கி

ஒருவராகத் தொடங்கினால் தனிநபர் உரிமை நிறுவனமே போதும். பங்குதாரர் இருந்தால் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை). பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஆண்டுச் செலவும் கணக்குத் தணிக்கையும் முதல் வருட ஏஜென்சிக்குத் தேவையில்லாத சுமை. தனியாகக் கரண்ட் அக்கவுண்ட் திறந்து, வீட்டுப் பணமும் தொழில் பணமும் கலக்காமல் பாருங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதல் வாரமே செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய இருப்பதால் அரசுத் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு ஏன் முக்கியம் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுக் கணக்கு முதல், இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைத் தரும் வருடம் வரை கிளையண்ட் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுகிறோம். கிளையண்டின் கணக்குப் பிரிவு அந்த எண்ணைப் பார்த்ததும் பணம் வரும் வேகம் கூடியதை நானே பார்த்தேன்.

ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். வேறு மாநிலக் கிளையண்டுக்குச் சேவை செய்தாலும் இந்த வரம்பு பொருந்தும். பெரிய கம்பெனிகள் பதிவு இல்லாதவரோடு வேலை செய்யத் தயங்கும் என்பது உண்மை, அப்படி ஒருவர் வந்தால் அப்போது எடுங்கள். எடுத்துவிட்டால், பில் போட்ட மாதத்துக்கான 18 சதவீதத்தை, கிளையண்ட் பணம் தந்தாரோ இல்லையோ, நீங்கள் கட்டியாக வேண்டும். 1,00,000 ரூபாய் பில் என்றால் 18,000 ரூபாயை உங்கள் கையிருப்பில் இருந்து எடுத்து வைக்க வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே பணம் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்கூட்டி வரியையும் மறக்காதீர்கள். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதி கெடு. சம்பளக்காரராக இருந்தவரை கம்பெனி பார்த்துக்கொண்டது, இப்போது நீங்கள்தான். வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். டிடிஎஸ் போக மீதி வரிக்கு அது உதவும்.

இனி, கிரிப்டோவில் இருந்து வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். வெளிநாட்டு கிரிப்டோ கிளையண்டுகள் "யூஎஸ்டிடியில் அனுப்புகிறோம், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்" என்பார்கள். டாலர் மதிப்பையொட்டி இருக்கும் ஒரு டோக்கன் அது. உங்களுக்கும் வாலட் இருக்கும், பழக்கமும் இருக்கும். வாங்காதீர்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஜிஎஸ்டியில் ஏற்றுமதி என்று வரி இல்லாமல் கருதப்பட வேண்டுமானால், பணம் அந்நியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாகவோ வந்திருக்க வேண்டும். டோக்கன் அந்தக் கணக்கில் வராது. ஏற்றுமதி என்ற தகுதி போனால் 18 சதவீதம் உங்கள் தலையில் விழலாம். அதோடு, யூஎஸ்டிடியைத் தெரியாத ஒருவருக்கு விற்று ரூபாய் வாங்கும்போது, அவர் அனுப்பிய பணம் ஏதாவது சைபர் மோசடியோடு தொடர்புடையதாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் கடிதத்தால் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். அந்தக் கணக்கில்தான் உங்கள் எழுத்தாளர்களின் சம்பளமும் இருக்கும். வங்கி வழியாக டாலரில் வாங்குங்கள், பணம் வந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரம்) தாக்கல் செய்யுங்கள். வங்கி வழியாக அனுப்பவே முடியாது என்கிற கம்பெனியை நான் எடுப்பதில்லை.

படி 8: எழுத மறுக்க வேண்டியவை

இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம், கிளையண்ட் கையெழுத்துப் போடும் முன் படிக்கட்டும் என்று. நிச்சய லாபம் என்ற பொருள்படும் எந்த வாக்கியமும் எழுத மாட்டோம். பணம் வாங்கி எழுதியதை, பணம் வாங்காமல் எழுதியது போல எங்கும் வெளியிட மாட்டோம். நிறுவனரின் உண்மைப் பெயர் தெரியாத திட்டங்களை எடுக்க மாட்டோம். ஆபத்து பற்றிய பகுதி எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம்.

நல்லெண்ணத்துக்காக மட்டும் வைத்தவை இல்லை இவை. 2022 ஏப்ரல் முதல், இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல்படி கிரிப்டோ விளம்பரங்களில் இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, மிகுந்த ஆபத்து உள்ளது என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். 2023 மார்ச் முதல் இந்தியாவில் இயங்கும் கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன, நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும். புதுக் கிரிப்டோ கிளையண்ட் வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அந்தப் பதிவைப் பற்றித்தான். அமெரிக்காவில் 2022 அக்டோபரில், 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாமல் எத்தீரியம்மேக்ஸ் டோக்கனைப் பற்றிப் பதிவு போட்டதற்காக கிம் கர்தாஷியன் 12.6 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. பிரபலத்துக்கு மட்டுமான விதி இல்லை அது.

முதல் வருடத்தில் நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். அதில் ஒன்று, மூன்று மாதச் செலவைத் தாண்டும் தொகை. கையில் எட்டு மாதப் பணம் இருந்தது, அதனால் முடிந்தது. இரண்டு மாதம் மட்டும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒப்பந்தத்தின் மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம். முழுப் பணம் வந்த பிறகே எழுத்தின் உரிமை கிளையண்டுக்கு மாறும். நடுவில் நிறுத்தினால் செய்த வேலைக்கான பணம். கம்பெனி தந்த எண்களின் உண்மைக்குக் கம்பெனியே பொறுப்பு.

படி 9: ஒருவரில் இருந்து ஏஜென்சியாக

தனியாக எழுதுவதும் ஏஜென்சி நடத்துவதும் வேறு வேறு வேலை. மூன்று மாதம் தொடர்ந்து வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் ஆள் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. முதலில் எழுத்தாளரை எடுக்காதீர்கள், எடிட்டரை எடுங்கள். எழுத்தாளர்களைக் கட்டுரைக்கு இவ்வளவு என்று வெளியில் இருந்து வைத்துக்கொள்ளலாம். அவர்கள் தருவதைச் சரிபார்க்கும் ஆள் உங்களுக்கு உள்ளே வேண்டும். இல்லையென்றால் இரவு பதினொரு மணிக்கு நீங்களே எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருப்பீர்கள். நான் எட்டு மாதம் அப்படி இருந்தேன், என் மகள் முதல் வகுப்புக்குப் போனதே எனக்குச் சரியாக நினைவில்லை.

ஒவ்வொரு கட்டுரையோடும் ஓர் உண்மைத் தாள் வைத்திருக்கிறோம். கட்டுரையில் வரும் எண், தேதி, சட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். எடிட்டர் அதை வரி வரியாகச் சரிபார்த்த பிறகுதான் கட்டுரை வெளியே போகும். கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது: "இதைப் படித்துப் பணம் போடும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து முதல் பாதியில் வந்துவிட்டதா?" அந்தக் கட்டத்தில் எடிட்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

படி 10: காலண்டரில் குறித்த தேதி

ஒன்பதாம் மாத முடிவில் உட்கார்ந்து பாருங்கள். மாத ஒப்பந்தங்களின் மொத்தம் வீட்டுச் செலவில் பாதியைத் தொடவில்லை என்றால் அந்த வாரமே வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், ஏஜென்சியையும் தொடர்ந்து நடத்தியபடியே. கையில் மூன்று மாதப் பணம் இருக்கும்போது வேலை தேடுபவர் நல்ல சம்பளம் கேட்க முடியும். பாதியைத் தாண்டியிருந்தால் இன்னும் ஆறு மாதத்துக்குப் புதுத் தேதி குறியுங்கள். எனக்கு ஒன்பதாம் மாதம் மாத ஒப்பந்தங்களின் மொத்தம் 61,000 ரூபாய் இருந்தது. மனைவி பழைய தேதியை அடித்துவிட்டு, அடுத்த வருடக் காலண்டரில் மார்ச் 31ஐ வட்டமிட்டார்.